கனியும் கன்னியும்: காற்றில் தொலைந்த ஓர் எழுத்தின் வரலாறு

சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு மாலை. காலஞ்சென்ற என் பேராசிரியரின் மகள் தொலைபேசியில் அழைத்தார். சிற்றிதழ் ஒன்றில் வெளியாகியிருந்த என் கட்டுரையைப் படித்துவிட்டுப் பேசினார்.

“அண்ணே, அப்பத்தா பாட்டுல அந்த எடத்துல ‘கன்னி’ன்னுல்ல வரும்? நீங்க ‘கனி’ன்னு போட்டு, அதுக்கு ஒரு பக்கம் விளக்கமும் எழுதியிருக்கீங்களே?”

எனக்குச் சட்டென்று விடை சொல்ல வரவில்லை. பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

செய்தியைச் சற்று விளக்க வேண்டும். என் பேராசிரியர் சிவகங்கைப் பக்கத்துச் சிற்றூர்களில் பல ஆண்டுகள் அலைந்து தாலாட்டுகளையும் ஒப்பாரிகளையும் திரட்டியவர். பாடியவர்களுள் அவருடைய தாயாரும் ஒருவர். ஒலிநாடாக்களைக் கேட்டுக் கேட்டு அவற்றையெல்லாம் தம் வீட்டுக் கணினியில் அவரே தட்டச்சு செய்து வைத்திருந்தார். அந்நாளைய வழக்கப்படி, ஒரு தனி எழுத்துருவில், ஒரு தனி மென்பொருளில். அம்மென்பொருளோ கணினியின் பின்புறத்தில் செருகியிருக்கும் ஒரு சிறு பூட்டுக்கட்டை இருந்தால்தான் திறக்கும். ஆகவே அந்தக் கோப்புகளை அந்தப் பழைய கணினியில் மட்டுமே படிக்க முடியும். ஒலிநாடாக்களில் பெரும்பாலானவை பூஞ்சை பிடித்துவிட்டன. பாடிய பெண்களில் ஒருவரும் இன்று உயிரோடு இல்லை. எஞ்சியிருப்பது அந்தக் கணினித்திரையில் தெரியும் எழுத்து மட்டுமே.

அவர் மறைந்தபின், அக்குடும்பத்தார் அந்தக் கணினியை என்னிடம் ஒப்படைத்தார்கள். அதை என் மேசைமேல் புதிய கணினிக்கு அருகில் வைத்து, பழைய திரையைப் பார்த்துப் பார்த்துப் புதியதில் ஒருங்குறியில் தட்டச்சு செய்யத் தொடங்கினேன். மேசை சிறியது. இரண்டு விசைப்பலகை, இரண்டு சுட்டி வைக்க இடமில்லை. எனவே கம்பியில்லா விசைப்பலகை ஒன்றும் சுட்டி ஒன்றும் வாங்கி, இரண்டு கணினிக்கும் பொதுவாக்கிக் கொண்டேன். அதற்கென்றே மென்பொருள் இருக்கிறது. சுட்டியின் அம்புக்குறியைத் திரையின் இடது ஓரத்துக்குத் தள்ளினால் அது அப்படியே பக்கத்துக் கணினியின் திரைக்குள் நுழைந்துவிடும். முதன்முறை பார்த்தபோது கூடுவிட்டுக் கூடு பாய்வதைக் கண்டதுபோல் மகிழ்ந்தேன்.

அம்புக்குறி சில நேரம் நடுவழியில் நின்றுவிடும். பிறகு திடீரென்று தாவும். பொறுத்துக்கொண்டேன். எழுத்து சில நேரம் விடுபடும். சில நேரம் இரட்டிக்கும். கண்ணில் பட்டதைத் திருத்திக்கொண்டேன். கண்ணில் படாதது எது என்பதுதான் இந்தக் கட்டுரையின் செய்தி.

*

நான் பயன்படுத்துவது 1999-இல் தமிழக அரசு தரப்படுத்திய தமிழ்99 விசைப்பலகை. அதில் ஓர் அருமையான வசதி உண்டு. ஒரே மெய்யை அடுத்தடுத்து இருமுறை தட்டினால் முதலாவதற்குத் தானாகவே புள்ளி விழும். ‘க, ன, இ’ என்று தட்டினால் ‘கனி’. ‘க, ன, ன, இ’ என்று தட்டினால் ‘கன்னி’. ‘ப, ஆ, ட, உ’ என்றால் ‘பாடு’; இடையில் இன்னொரு ‘ட’ சேர்ந்தால் ‘பாட்டு’. தமிழின் இயல்பறிந்து வகுத்த விதி இது.

அந்த வசதியே எனக்கு வினையாயிற்று. ஆங்கிலத்தில் ஓர் எழுத்து விடுபட்டாலோ இரட்டித்தாலோ பெரும்பாலும் பொருளற்ற சொல் ஒன்று உருவாகிப் பிழை பல்லிளிக்கும். தமிழ்99-இல் ‘ன’ ஒன்று காற்றில் தொலைந்தால் கன்னி கனியாவாள். ‘ட’ ஒன்று மிகுந்தால் பாடு பாட்டாகும். இரண்டுமே நல்ல தமிழ்ச் சொற்கள். தாலாட்டின் நடுவில் இரண்டுமே பொருள் தருபவை. பிழை தன்னைப் பிழையென்று காட்டிக்கொள்ளாது.

நானோ தமிழ் படித்தவன். பிழையாக இருக்கலாம் என்று எண்ணுவதற்கு முன்பே இலக்கணம் தேடப் போய்விட்டேன். ஒரே பாடகி பிறர் ‘கன்னி’ என்னும் இடத்தில் ‘கனி’ என்கிறார். ‘பாடு’ என்னும் இடத்தில் ‘பாட்டு’ என்கிறார். எனவே ஒற்று இரட்டித்தலிலும் இரட்டித்த ஒற்றுக் கெடுதலிலும் அந்த வட்டாரத்துக்கே உரிய ஓர் ஒலியியல்பு இருந்திருக்கலாம் என்று ஒரு கருத்தைக் கட்டியெழுப்பி, கட்டுரையாக்கி, அச்சிலும் பார்த்துவிட்டேன். அதைத்தான் அந்தப் பெண் தம் நினைவிலிருந்தே ஒரு வரியில் தகர்த்துவிட்டார். பழைய கணினியைத் திறந்து பார்த்தேன். பேராசிரியர் ‘கன்னி’ என்றுதான் எழுதியிருந்தார்.

ஏடெழுதுவோர் செய்த பிழைகளைப் பற்றி வகுப்பில் இருபது ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறேன். ஏடுகளில் புள்ளி இடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை என்றும், அதனால் நேர்ந்த பாடபேதங்கள் எத்தனையென்றும் மாணவர்களுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறேன். நானே ஒரு பாடபேதத்தைப் பிறப்பித்தேன் என்பது உறைத்தபோது, இந்த எழுத்து என் விரலிலிருந்து திரைக்குப் போகும் வழியில் எங்கே தொலைந்தது என்று அறியாமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன். வழியைத் தேடப் போனவனுக்கு ஒரு வரலாறே கிடைத்தது.

*

சுட்டியின் தந்தை டக்ளஸ் எங்கெல்பார்ட். 1925-இல் பிறந்தவர். இரண்டாம் உலகப்போரின் முடிவில் அமெரிக்கக் கடற்படையின் ராடார் தொழில்நுட்பராகப் பிலிப்பைன்ஸில் இருந்தபோது, வானேவர் புஷ் 1945-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்றைப் படிக்கிறார். மனித அறிவின் பெருக்கத்தை மனிதனே கையாள இயலாமற்போகும் நிலையையும், அதற்குத் துணைசெய்யக்கூடிய ஒரு கருவியையும் பற்றிய கட்டுரை அது. அந்த விதை அவருக்குள் தங்கிவிட்டது. பின்னாளில் கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் உள்ள ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் அவர் இருந்தபோது, அவருடைய எண்ணத்துக்கு 1964-இல் பில் இங்கிலிஷ் என்னும் பொறியாளர் உருக்கொடுத்தார். ஒரு மரக்கட்டை, அடியில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு உலோகச் சக்கரங்கள், மேலே ஒரே ஒரு பொத்தான். ஒளிப்பேனா, கைப்பிடிக்கோல், முழங்காலால் இயக்கும் கருவி என்று பலவற்றோடு வைத்துச் சோதித்தார்கள். மரக்கட்டை வென்றது. காப்புரிமை 1967-இல் கோரப்பட்டு 1970-இல் வழங்கப்பட்டது. அதில் எலி என்றோ சுட்டி என்றோ பெயர் இல்லை. காட்சித்திரைக்கான இருதிசை இடங்காட்டி என்ற பொருளில் ஒரு வறண்ட பெயர்தான் இருக்கிறது.

1968 டிசம்பர் 9-ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த கணினி மாநாட்டில், ஏறத்தாழ ஆயிரம் பேர் முன்னிலையில், எங்கெல்பார்ட் தொண்ணூறு நிமிடம் தம் கருவிகளைச் செய்து காட்டினார். கணினி உலகத்தார் இன்றும் அதைப் புராணம்போலச் சொல்வார்கள். பலரும் கவனிக்காத ஒரு செய்தி அதில் உண்டு. அவர் கையில் இருந்த சுட்டிக்கும் அது இயக்கிய கணினிக்கும் இடையே சுமார் 30 மைல் தூரம். கணினி மென்லோ பார்க்கில் இருந்தது. விசைகளின் தட்டலும் சுட்டியின் நகர்வும் தொலைபேசிக் கம்பி வழியே வினாடிக்கு 1200 பிட் என்னும் வேகத்தில் அங்கே போயின. திரையின் காட்சி நுண்ணலை வழியே திரும்பி வந்தது. இடையில் மென்லோ பார்க்கில் அமர்ந்திருந்த பில் பாக்ஸ்டன் என்னும் உடன் பணியாளரின் முகம் திரையில் தோன்ற, இருவரும் ஒரே உரையை ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டு, இருவருடைய சுட்டுமுனையும் அதே திரையில் உலவப் பேசிக்கொண்டார்கள்.

ஆக, சுட்டி உலகத்தார்முன் முதன்முதலாகத் தோன்றிய அன்றே அது பகிர்வுக்கான கருவியாகத்தான் தோன்றியது. ஒரு கை, ஒரு கணினி, ஒரு திரை என்று அது குறுகியது பின்னாளில்தான். அதே 1968-இல், அந்த மாநாட்டுக்குச் சில வாரங்கள் முன்பே, ஜெர்மனியின் டெலிஃபுங்கன் நிறுவனம் சக்கரங்களுக்குப் பதிலாக உருளும் பந்து வைத்த சுட்டியொன்றை வெளியிட்டது என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். பின்னர் ஜெராக்ஸ் ஆய்வகத்தின் ஆல்ட்டோ 1973-இலும், ஆப்பிளின் லிசா 1983-இலும், மக்கின்டோஷ் 1984-இலும் வந்தன. சுட்டி மேசைக்கு வந்தது. எங்கெல்பார்ட் அதனால் செல்வம் ஏதும் சேர்க்கவில்லை. 2013 ஜூலையில் மறைந்தார்.

*

நிற்க. கம்பி எப்போது அறுந்தது?

1983 நவம்பரில் ஐ.பி.எம். நிறுவனம் வீடுகளுக்கென்று ‘பிசி ஜூனியர்’ என்ற கணினியை அறிவித்தது. அதன் விசைப்பலகைக்குக் கம்பி கிடையாது. தொலைக்காட்சியின் ரிமோட் போல அகச்சிவப்பு ஒளியால் இயங்கியது. கூடத்தின் மறுகோடியில் இருந்தபடியே தட்டலாம் என்பது விளம்பரம். ஒளிக்கு ஒரு குணம் உண்டு: மறைத்தால் நிற்கும், மறைக்காவிட்டால் கண்டவிடமெல்லாம் போகும். பள்ளிக்கூட வகுப்பறையில் நான்கைந்து ஜூனியர்களை வரிசையாக வைத்தபோது, ஒரு மாணவன் தட்டியது பக்கத்துக் கணினியிலும் விழுந்தது. விசைப்பலகையைக் கணினியோடு பிணைக்க ஐ.பி.எம். நிறுவனமே தனியாக ஒரு கம்பியையும் விற்க வேண்டியதாயிற்று. மக்களுக்குப் பிடிக்காமற்போன அதன் விசைகளை 1984-இல் இலவசமாக மாற்றித் தந்தார்கள். 1985-இல் அந்தக் கணினியையே நிறுத்திவிட்டார்கள்.

கம்பியறுத்த வேட்கை நிற்கவில்லை. சுவிட்சர்லாந்தில் ஆப்பிள்ஸ் என்ற பெயருடைய ஊரில் 1981-இல் தொடங்கிய லாஜிடெக் நிறுவனம், 1984-இல் மெட்டஃபர் என்னும் நிறுவனத்தின் கணினிக்கென அகச்சிவப்புச் சுட்டியைச் செய்து தந்தது. 1991-இல் அதே நிறுவனம் ஒளியைக் கைவிட்டு வானொலி அலைக்கு மாறியது. வானொலி அலைக்குப் புத்தகக்கட்டும் மரமேசையும் தடையில்லை. தடையில்லாமையே அடுத்த சிக்கலுக்கு வித்து.

பல ஆண்டுகள் கம்பியில்லா விசைப்பலகைகள் 27 மெகாஹெர்ட்ஸ் அலையில் பேசின. சிறுவர்கள் விளையாடும் ரிமோட் கார்கள் பேசுவதும் அங்கேதான். அலைத்தடங்கள் சிலவே, அடையாள எண்களும் குறைவு. 2002-இல் நார்வேயின் ஸ்டவாங்கர் நகரத்தில், ஒருவர் தம் வீட்டில் தட்டியது சுமார் 150 மீட்டர் தள்ளியிருந்த இன்னொருவர் வீட்டுக் கணினித்திரையில் எழுத்தாக விழுந்ததென்று செய்தித்தாள்கள் எழுதின. பகிரவேண்டும் என்று எவரும் கேளாமலே நிகழ்ந்த பகிர்வு அது.

*

இன்றைய கருவிகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் பேசுகின்றன. இந்த இடம் ஏன் இவ்வளவு நெரிசலானது என்பதற்கும் வரலாறு உண்டு. 1947-இல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் கூடிய உலக வானொலி மாநாடு, தொழிற்கூடங்களும் மருத்துவக் கருவிகளும் வெளியிடும் அலைகளுக்கென்று சில பகுதிகளை ஒதுக்கியது. நுண்ணலை அடுப்பு குடியேறிய இடம் அது. செய்தி அனுப்புவோர்க்கு அது புறம்போக்கு நிலம். 1985-இல் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் அந்தப் புறம்போக்கில், சில கட்டுப்பாடுகளோடு, எவரும் உரிமம் இன்றியே செய்தி அனுப்பலாம் என்று விதித்தது. இந்தியாவில் 2005-இல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதிக்கு உரிமம் தேவையில்லை என்றாயிற்று. வைஃபை, புளூடூத், கம்பியில்லா விசைப்பலகை எல்லாம் அந்தப் பொதுநிலத்தில் குடிசை போட்டவைதாம். பொதுநிலத்தில் சண்டை வராமலிருக்குமா?

சண்டையைத் தவிர்க்கும் வழிகளில் ஒன்று இடம் மாறிக்கொண்டே இருப்பது. இதில் ஒரு திரைப்பட நடிகைக்குப் பங்குண்டு. ஆஸ்திரியாவில் பிறந்து ஹாலிவுட்டில் புகழ்பெற்ற ஹெடி லமாரும், ஜார்ஜ் ஆன்தெயில் என்ற இசையமைப்பாளரும் சேர்ந்து, நீர்மூழ்கு குண்டுகளை வானொலியால் வழிநடத்தும் ஒரு முறைக்கு 1942-இல் காப்புரிமை பெற்றார்கள். எதிரி அலையைக் கண்டுபிடித்து இடைமறிக்காதபடி, அனுப்புவதும் பெறுவதும் ஒரே நேரத்தில் ஓர் அலைவரிசையிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தத் தாவலை ஒத்திசைக்க, தானியங்கிப் பியானோக்களில் சுழலும் துளையிட்ட காகிதச்சுருளை எண்ணினார்கள். அலைவரிசைகள் 88 என்றார்கள். பியானோவின் விசைகளும் 88. லமாருக்கு முன்னரும் அலைதாவல் பற்றிய எண்ணம் பிறருக்கு இருந்ததுண்டு. அவருடைய காப்புரிமையிலிருந்து நேர்வழியில் புளூடூத் பிறந்தது என்பது மிகை. ஆயினும், ஓர் இசைக்கருவியின் விசைப்பலகையிலிருந்து எழுந்த கருத்துக்கு உறவான ஒன்று, இன்று எழுத்துக்கருவியின் விசைப்பலகையைக் காக்கிறது என்று எண்ணும்போது மனத்துக்கு இதமாகத்தான் இருக்கிறது.

புளூடூத்தின் வேர் சுவீடனின் எரிக்சன் நிறுவனத்தில் 1994-இல் தொடங்கிய ஆய்வு. 1998-இல் எரிக்சன், இன்டெல், ஐ.பி.எம்., நோக்கியா, தோஷிபா ஆகிய ஐந்தும் ஒரு கூட்டமைப்பானது. பெயரைச் சொன்னவர் இன்டெலின் ஜிம் கர்டாக். பத்தாம் நூற்றாண்டில் சிதறிக்கிடந்த டேனியக் குடிகளை ஒன்றிணைத்த ஹரால்டு என்னும் அரசனின் பட்டப்பெயர் அது. நீலப்பல் என்று பொருள். மூலப் புளூடூத் 79 தடங்களில் வினாடிக்கு 1600 முறை தாவியது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு தாவியது. வைஃபை அமர்ந்திருக்கும் தடத்திலும் போய் விழுந்து அடிபட்டது. 2003-இல் வந்த 1.2 பதிப்பில்தான் நெரிசலான தடங்களைக் கண்டறிந்து ஒதுக்கித் தாவும் அறிவு வந்தது.

தாவுவது இடையூற்றுக்கு மருந்து. ஒட்டுக்கேட்பதற்கு மறையாக்கம் ஒன்றே மருந்து. 2016-இல் பாஸ்டில் என்னும் பாதுகாப்பு ஆய்வுக்குழு, பல நிறுவனங்களின் கம்பியில்லாச் சுட்டிகளுக்கான ஏற்பிகள் மறையாக்கமின்றி வரும் செய்தியையும் ஏற்றுக்கொள்வதைக் காட்டியது. தொலைவிலிருக்கும் ஒருவர் சுட்டிபோல் நடித்து விசைகளையே தட்டிவிட முடிந்தது. அதே ஆண்டில், மலிவான சில விசைப்பலகைகள் தட்டிய எழுத்தைத் திறந்த மடலாகவே காற்றில் விடுவதையும் அக்குழு வெளியிட்டது. கம்பியில்லா விசைப்பலகை வாங்குவோர் மறையாக்கம் உண்டா என்று பார்த்து வாங்குவது நலம்.

*

இனிப் பகிர்வின் கதை. தொடக்கத்தில் அது பெட்டியின் கதை. ஒரு விசைப்பலகை, ஒரு திரை, ஒரு சுட்டி. இடையில் ஒரு மாற்றுப்பெட்டி. பின்னால் பல கணினிகள். கே.வி.எம். என்ற பெயர் 1990-களில் நிலைத்தது. அக்காலக் கணினிகள் விசைப்பலகை இல்லையென்றால் விழிக்கவே மறுக்கும். விசைப்பலகையைக் காணோம், தொடர ஒரு விசையைத் தட்டுக என்று திரையில் அறிவிக்கும் கணினிகளை என் தலைமுறையினர் மறந்திருக்கமாட்டார்கள். ஆகவே அந்தப் பெட்டி, தான் கவனம் செலுத்தாத கணினிகளுக்கும், விசைப்பலகை இருக்கிறது, இருக்கிறது என்று பொய்ச்சாட்சி சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும். சாட்சி தவறினால் சுட்டி செத்துவிடும்.

அடுத்து வந்தது மென்பொருள் வழி. யூனிக்ஸ் கணினிகளின் எக்ஸ் சாளர முறையில் விசைத்தட்டலே ஒரு செய்திமடல். மடலை வலையமைப்பு வழியே எந்தக் கணினிக்கும் அனுப்பலாம். 1990-களில் ‘எக்ஸ்டுஎக்ஸ்’ என்னும் சிறு நிரல் இதைக்கொண்டு ஒரு கணினியின் சுட்டியை மற்றொன்றின் திரைக்குள் நுழைத்தது. 2001-இல் கிறிஸ் ஷோனிமேன் ‘சினர்ஜி’யை வெளியிட்டார். விண்டோஸ், மக்கின்டோஷ், லினக்ஸ் என்ற குலபேதம் பாராமல் அது ஒரே சுட்டியை உலவவிட்டது. பின்னர் அதிலிருந்து ‘பேரியர்’, அதிலிருந்து ‘இன்புட் லீப்’ என்று கிளைகள் பிரிந்தன. மைக்ரோசாஃப்டின் பணியாளர் ஒருவர் ஓய்வுநேரத்தில் எழுதிய ‘எல்லைகளற்ற சுட்டி’ 2011-இல் வெளியாகி, 2023-இல் அந்நிறுவனத்தின் ‘பவர்டாய்ஸ்’ தொகுப்பில் சேர்ந்தது. லாஜிடெக்கின் ‘ஃப்ளோ’ 2017-இலும் ஆப்பிளின் ‘யுனிவர்சல் கன்ட்ரோல்’ 2022-இலும் வந்தன. மென்லோ பார்க்குக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையே 1968-இல் நடந்தது ஐம்பது ஆண்டுகளில் மேசைக்கு மேசை வந்துவிட்டது.

*

இவ்வளவும் படித்தபின்தான் என் மேசையை என்னால் வாசிக்க முடிந்தது. நான் ஒரு சிக்கல் என்று எண்ணியிருந்தது உண்மையில் இரண்டு. என் விரல் தட்டிய எழுத்து முதலில் விசைப்பலகையிலிருந்து புதிய கணினியின் ஏற்பிக்கு 2.4 கிகாஹெர்ட்ஸில் போகிறது. அது பழைய கணினிக்கு உரியதென்றால் அங்கிருந்து மறுபடி வைஃபை வழியே, அதே 2.4 கிகாஹெர்ட்ஸில், ரௌட்டருக்குப் போய்த் திரும்புகிறது. ஓர் எழுத்து ஒரே ஆற்றை மீண்டும் மீண்டும் கடக்கிறது.

வைஃபை வழியில் செய்தி பொதுவாகத் தொலையாது, தாமதமாகும். பகிர்வு மென்பொருள் பயன்படுத்தும் வழிமுறை, வரிசை பிறழாமல் ஒன்றன்பின் ஒன்றாகவே ஒப்படைக்கும். முன்னே உள்ள ஒரு பொட்டலம் சிக்கிக்கொண்டால் பின்னே வருவன எல்லாம் காத்திருந்து, பிறகு மொத்தமாக வந்து விழும். அம்புக்குறி நின்று நின்று தாவியதன் பொருள் அதுதான். ஏற்பிவழியிலோ நிலைமை வேறு. அங்கே இரைச்சல் மிகுந்தால் தட்டல் தொலையலாம். விசையிலிருந்து விரலை எடுத்தேன் என்னும் செய்தி தொலைந்தால் அல்லது தாமதித்தால், விரல் இன்னும் அழுத்திக்கொண்டிருக்கிறது என்று எண்ணிக் கணினி அந்த எழுத்தை மீண்டும் இடும். கன்னி கனியானதற்கும் பாடு பாட்டானதற்கும் காரணங்கள் இவையே.

ஏற்பிக்கு இரைச்சல் எங்கிருந்து வந்தது? ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்ப்பது என்று விதி வகுத்துக்கொண்டேன். மின்கலத்தை மாற்றினேன், பயனில்லை. விசைப்பலகையை ஏற்பிக்கு அருகில் கொணர்ந்தேன். சற்றுக் குறைந்தது, நீங்கவில்லை. ரௌட்டரை அணைத்தேன், பிழை இருந்தது. கடைசியில், மாலைதோறும் கோப்புகளைப் படியெடுக்க நான் செருகும் வெளி வன்தட்டைக் கழற்றினேன். ‘கன்னி’ என்று நூறுமுறை தட்டினேன். ஒன்றும் பிழையில்லை. வன்தட்டை மீண்டும் செருகி நூறுமுறை தட்டினேன். ஏழு இடங்களில் ‘கனி’. மூன்று இடங்களில் ‘ன’ மிகுந்து வேறொரு சொல்லே ஆகியிருந்தது.

என் ஏற்பியும் வன்தட்டும் கணினியின் அடுத்தடுத்த துளைகளில் இருந்தன. வன்தட்டு யூ.எஸ்.பி. 3.0 வகை. வினாடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் தரவு ஓடும்போது, அதன் இணைப்பியும் கம்பியும் வெளியிடும் இரைச்சல் சரியாக 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலும் பரவுகிறது என்று இன்டெல் நிறுவனமே 2012-இல் ஆய்வறிக்கை வெளியிட்டிருக்கிறது. கம்பியில்லா ஏற்பியை அதன் அருகில் வைக்க வேண்டாம் என்பதே அதன் சாரம். நான் பேராசிரியரின் பாடல்களைக் காப்பதற்காகச் செருகிய வன்தட்டுதான் அந்தப் பாடல்களைச் சிதைத்துக்கொண்டிருந்தது.

தீர்வு எளிது. ஒரு மீட்டர் நீளமுள்ள யூ.எஸ்.பி. நீட்டிப்புக் கம்பி வாங்கி, ஏற்பியைக் கணினியிலிருந்து விலக்கி விசைப்பலகைக்கு அருகில் வைத்தேன். இரண்டு கணினிகளையும் வலைக்கம்பியால் ரௌட்டரோடு பிணைத்தேன். எழுத்து தொலைவதும் நின்றது. அம்புக்குறி தாவுவதும் நின்றது. கம்பியில்லாக் கருவியைக் கம்பிகள்தாம் காப்பாற்றின. பிசி ஜூனியருக்குக் கம்பி விற்ற ஐ.பி.எம்.மை நினைத்துக்கொண்டேன். இதே தொல்லையில் உழலும் நண்பர்கள், புதுக் கருவி வாங்குமுன் ஏற்பி எதன் பக்கத்தில் இருக்கிறதென்று முதலில் குனிந்து பாருங்கள்.

எளிதாகத் தீராதது வேறு. ஏறத்தாழ நான்கு மாதத் தட்டச்சு என்னிடம் இருந்தது. வன்தட்டு செருகியிருந்த மாலைகள் எவை, செருகாத காலைகள் எவை என்று எனக்குத் தெரியாது. எனவே எல்லாவற்றையும் முதலிலிருந்து ஒப்புநோக்கத் தொடங்கினேன். நான் பழைய திரையிலிருந்து உரக்கப் படிக்க, ஆசிரியரின் மகள் ஞாயிறுதோறும் வந்து அமர்ந்து அச்செடுத்த தாளில் புள்ளி வைத்துக்கொண்டே வந்தார். இதுவரை அறுபதுக்கு மேற்பட்ட இடங்கள் திருத்தம் பெற்றன. பெரும்பாலானவை இரட்டிக்கும் ஒற்று. வட்டார வழக்கு என்று நான் அடிக்குறிப்பு எழுதியிருந்தவற்றுள் ஒன்றுகூட எஞ்சவில்லை. சில இடங்களில் அவர் தாளை வைத்துவிட்டு அந்த வரியை மெட்டோடு பாடிக்காட்டினார். எந்தக் கோப்பிலும் இல்லாத நீட்டல் அதில் இருந்தது. இப்போது அதையும் ஒலிப்பதிவு செய்கிறோம்.

சிற்றிதழுக்கு மறுப்புக் கடிதம் எழுதினேன். அந்தக் கட்டுரையின் கருத்து பிழை, அதை எவரும் மேற்கோள் காட்ட வேண்டாம், பிழை பாடியவருடையதும் அன்று, தொகுத்தவருடையதும் அன்று, படியெடுத்த என்னுடையது என்று எழுதினேன். வன்தட்டையும் அலைவரிசையையும் பற்றி ஒரு பத்தி எழுதிப் பிறகு அடித்துவிட்டேன். இரைச்சல் காற்றில்தான் இருந்தது. ஆனால் மூலத்தோடு ஒப்பிடாமல் இலக்கணம் எழுதியது நான்.

கடிதம் அச்சாகி வந்த இதழை ஆசிரியரின் மகளிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, “அப்பத்தாவுக்கு எழுதப்படிக்கத் தெரியாதுண்ணே. ஆனா ஒரு எழுத்து மாறுனா பாட்ட நிப்பாட்டிட்டு மொதல்லருந்து பாடும்” என்றார்.